ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்கள் வெறும் காகிதமா? கண்ணிவெடி அகற்றிய ஒருவனின் பதில்

கேள்வி: “அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் அணு ஆயுதங்களுக்கு வரம்பு விதித்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் 2026 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டது. இனியும் அமைதிப் பேச்சுவார்த்தைகளாலும் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்களாலும் பயன் உண்டு என்று நம்பலாமா, அல்லது அவை வெறும் காகிதம்தானா?”

கேள்வியின் நடையைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று தோன்றுகிறது. தேர்வுக்கான விடை எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கும். ஆனால் “வெறும் காகிதம்” என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு என்னால் கடந்து போக முடியவில்லை. நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் பிறந்து, இராணுவப் பொறியாளர் பிரிவில் சாப்பராகச் சேர்ந்து, கண்ணிவெடிகளைப் புதைப்பதையும் அகற்றுவதையும் தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்ட காகிதம் ஒன்றின் ஒரு வரி என் உயிருக்கும் உடனிருந்தவர்களின் கால்களுக்கும் காவலாக இருந்தது.

பயிற்சித் திடலில் ஒரு நாள் எங்கள் சுபேதார் வெடிமருந்து இல்லாத இரண்டு பயிற்சி மைன்களை, அதாவது கண்ணிவெடிகளை, மண்ணில் புதைத்துவிட்டு, உலோகத்தைக் கண்டறியும் டிடெக்டரை என் கையில் கொடுத்தார். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வகை. முதலாவதில் உலோகம் என்று சொல்ல உள்ளே இருக்கும் சிறு ஊசி மட்டுமே. அதன் மேல் வட்டத்தகட்டை எத்தனை முறை கொண்டுபோனாலும் காதுக்கருவியில் மண்ணின் இரைச்சல்தான் கேட்டது. இரண்டாவதில் இரும்பு வளையம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. தகடு அதை நெருங்கியதுமே சத்தம் காதைக் கிழித்தது. “தம்பி, இந்தச் சத்தம் கட்டாயம் வரணும்னு ஜெனீவாவுல உட்கார்ந்து எழுதி வச்சிருக்காங்க” என்றார் சுபேதார். அவர் சொன்னது மரபுவழி ஆயுதங்கள் (அணு, வேதியியல் வகை அல்லாதவை) தொடர்பான ஒப்பந்தத்தின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறை. 1996இல் ஏற்கப்பட்டு 1998 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அதில் இந்தியாவும் உறுப்பு நாடு. ஆளைக் குறிவைக்கும் கண்ணிவெடி எதுவாக இருந்தாலும் 8 கிராம் இரும்புக்கு ஈடான சமிக்ஞையை டிடெக்டருக்குத் தர வேண்டும் என்பது அதிலுள்ள விதி. புதைத்த இடங்களை வரைபடத்தில் பதிய வேண்டும், வேலியிட்டுக் குறியிட வேண்டும், மோதல் முடிந்ததும் அகற்ற வேண்டும் என்பவையும் அதே நெறிமுறையில் உள்ளவைதாம்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து ராஜஸ்தான் முதல் ஜம்மு காஷ்மீர் வரை மேற்கு எல்லை நெடுகிலும் மைன்கள் புதைக்கப்பட்டன. மறு ஆண்டு அக்டோபரில் படைகளைத் திருப்பி அழைக்கும் அறிவிப்பு வந்தபின், அவற்றை அகற்றும் பணியில் நானும் இருந்தேன். நான் இருந்த பகுதி மணல் பிரதேசம். காற்றடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். பதிவேட்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குறிப்புக் கல்லிலிருந்து அளந்து, வெள்ளை நாடா கட்டி, குப்புறப் படுத்து, பிராடர் எனப்படும் துழாவு கம்பியைச் சாய்வாக மணலுக்குள் செலுத்தி, அது எதையோ தொடுவது கைக்குத் தெரிந்தவுடன் நிறுத்தி, விரலால் மணலை விலக்க வேண்டும். வரைபடம் காட்டிய இடத்தில் மைன் இல்லாமல் நகர்ந்துபோயிருந்த இடங்களில், டிடெக்டரின் சத்தம் ஒன்றுதான் எங்களுக்குத் துணை. எங்களோடு பணியாற்றிய ஊத்தங்கரைப் பக்கத்து நண்பர் ஒருவர் அப்படி நகர்ந்துபோன ஒரு மைனில் வலது பாதத்தை இழந்தார். இன்றுவரை ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு அலுவலகத்தில், கால் இன்னும் வளரவில்லை என்று நிரூபிப்பதைப் போல, சான்றிதழ் கொண்டுவரச் சொல்லி அவரை அலையவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

ஒப்பந்தம் இருந்தும் அவருக்குக் கால் போயிற்றே என்று சிலர் கேட்பார்கள். வரைபடமும் வேலியும் அந்தச் சத்தமும் இல்லாமல் அதே நிலத்தில் இறங்கியிருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்போம் என்பதுதான் அவர்களுக்கு என் பதில். சரிபார்க்கக்கூடிய விதி எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அந்த ஒப்பந்தம் வேலை செய்கிறது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டது வேலை செய்வதில்லை. இதை நான் தொழிலில் கற்றேன், பின்னர் படித்ததும் அதையே உறுதிசெய்தது.

1987இல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தத்தால் 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. சோவியத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்கப் பரிசோதகர்களும், அமெரிக்கத் தொழிற்சாலை வாசலில் சோவியத் பரிசோதகர்களும் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து, வெளியே வரும் வாகனங்களைக் கண்காணித்தார்கள். வேதியியல் ஆயுதத் தடை ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, இந்தியா தன்னிடம் 1,044 டன் கந்தக மஸ்டர்டு என்ற நச்சுப்பொருள் இருப்பதாக அறிவித்து, 2009இல் முழுவதையும் சர்வதேசப் பரிசோதகர்களின் கண்ணெதிரே அழித்து முடித்தது. உலக நாடுகள் அறிவித்த 72,000 டன்னுக்கும் மேற்பட்ட இருப்பின் கடைசிப் பகுதி 2023 ஜூலையில் அமெரிக்காவில் அழிக்கப்பட்டது. அந்த ஒப்பந்தத்தில் 2013இல் சேர்ந்த பிறகும் சிரியா நச்சு வாயுவைப் பயன்படுத்தியதே என்று நீங்கள் சுட்டிக்காட்டலாம், அது உண்மை. ஆனால் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னதும் அதே ஒப்பந்தத்தால் உருவான அமைப்பின் விசாரணைக் குழுதான்.

சரிபார்ப்பு இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அடங்கிய பாராமகால் பகுதி, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. திப்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்பதற்குப் பிணையாக அவருடைய இரண்டு மகன்களைக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வாங்கிக்கொண்டார். போர் இழப்பீட்டுப் பணம் கட்டி முடிந்து 1794இல் சிறுவர்கள் திரும்பினார்கள். 1799இல் மறுபடியும் போர் வந்து திப்பு மாண்டார். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் நினைவு எனக்கு வரும். பிள்ளைகளைப் பிணையாகக் கேட்ட இடத்திலிருந்து பரிசோதகருக்கு வாசலைத் திறந்துவிடும் இடத்துக்கு உலகம் வந்திருக்கிறது என்றால், அதை நான் முன்னேற்றம் என்றே சொல்வேன்.

இனி நியூ ஸ்டார்ட். ஒவ்வொரு தரப்பும் நிலைநிறுத்தும் அணுகுண்டுகள் 1,550க்கு மேல் போகக் கூடாது என்ற அதன் வரம்பைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அதன் உயிர், ஒரு தரப்பினர் மறுதரப்பின் தளங்களுக்கு ஆண்டுக்கு 18 முறை வரை நேரில் சென்று பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில் இருந்தது. அந்த நேரடிப் பரிசோதனை 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, மீண்டும் தொடங்கவேயில்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்தி வைத்தது. ஆகவே 2026ஐ மட்டும் பார்த்துவிட்டு ஒப்பந்தங்களே தோற்றுவிட்டன என்று எழுதிவிடாதீர்கள். 1980களின் நடுவில் ஏறத்தாழ 70,000 ஆக இருந்த உலக அணு ஆயுத எண்ணிக்கை இன்று சுமார் 12,000 ஆகக் குறைந்ததில் இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பெரும் பங்குண்டு.

இதைப் படித்துவிட்டு, சீருடை அணிந்தவன் நாட்டின் கையைக் கட்டச் சொல்கிறானே என்று சிலர் கோபப்படக்கூடும். கண்ணிவெடிகளை முற்றாகத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. நீண்ட நில எல்லை அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த எல்லையில் நின்றவன் என்பதால் அந்தக் காரணத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனாலும் பட்டாளம் திரும்பிய பின் அந்த நிலத்தில் கால் வைக்கப்போகிறவர் ஒரு விவசாயி. ரஷ்யாவுக்கு அஞ்சி எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் 2025இல் ஒட்டாவாவிலிருந்து விலக முடிவெடுத்ததைப் படித்தபோது, அங்கே வருங்காலத்தில் குப்புறப் படுக்கப்போகும் சாப்பர்களை நினைத்து வருந்தினேன்.

உங்கள் விடையில் நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் சேருங்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் நிலையங்களின் பட்டியலை இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போர் முடிந்த அடுத்த ஜனவரியிலும் அது நின்றுபோகவில்லை. எல்லை நெடுகிலும் மைன் புதைத்துக்கொண்டிருந்த 2002 ஜனவரியிலும் பட்டியல் கைமாறியது.