அவரைக் கேளுங்க
சிறுதொழில் கேள்வி - பதில்

கேள்வி: அம்மா, மன்னார்குடியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், கருகிய மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. போன வருடம் ஐடிஐ முடித்த ஒரு பையனை வேலைக்கு எடுத்தேன். காயில் கட்டுவதில் என்னைவிடச் சுத்தம். ஆனாலும் நான் ஒரு தடவை பார்க்காமல் எந்த மோட்டாரையும் வெளியே அனுப்ப மனசு வரவில்லை. விவசாயிகளும் என்னைத்தான் தேடுகிறார்கள். வீட்டுக்குப் போக ராத்திரி பத்தாகிவிடுகிறது. இப்போது அவனைத் திருப்பூருக்குக் கூப்பிடுகிறார்களாம். சம்பளத்தைக் கூட்டினால் இருப்பானா?

பதில்: கூட்டுங்கள் தம்பி, அது அவருக்குச் சேர வேண்டியது. ஆனால் அதற்காக மட்டும் இருந்துவிட மாட்டார். வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு முடிவை உங்கள் கையிலேயே வைத்திருக்கிறீர்கள். கைத்தொழில் தெரிந்த பிள்ளைக்கு அதைவிடச் சலிப்பு வேறு கிடையாது.

பாபநாசம் பக்கம் எங்கள் அரிசி ஆலை. மாமனார் காலத்தில் நெல் கொள்முதல் வீட்டு ஆள் கையைவிட்டுப் போனதே இல்லை. கொள்முதலில் விட்டதை அரவையில் பிடிக்க முடியாது என்பார், அது உண்மையும்கூட. அந்தக் கொள்முதலைத்தான் மூட்டை தூக்க வந்த ஒரு இளைஞரிடம் கொடுத்தேன். நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வார். மீட்டர் அப்புறம் அதையேதான் காட்டும். அவருக்கு நான் வைத்தது இரண்டே வரம்பு. ஒன்று, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அரசு கொள்முதல் நிலையத்திலும் வழக்கமான அளவு அதுதான், விவசாயிக்கும் புரியும். இன்னொன்று, காலையில் நான் சொல்லும் விலையில் மூட்டைக்கு இருபது ரூபாய் ஏற்றி இறக்க அவருக்கு உரிமை உண்டு. அதைத் தாண்டினால் மட்டும் எனக்கு போன்.

அவருக்கு இது உடனே பழகிவிட்டது. ஊருக்குத்தான் பழகவில்லை. நேராக என்னிடம் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கொஞ்சம் சேர்த்துப் போடட்டும்" என்பார்கள். "அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். மாமா முறை ஆகிறவருக்கும் அதே பதில்தான், அதில் இரண்டு கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வராமலே போனது. வருத்தம்தான். ஆனால் ஒரே ஒரு மூட்டைக்கு அவர் சொன்ன விலையை நான் மாற்றியிருந்தால், மறுநாள் அவரிடம் யாரும் விலை பேச மாட்டார்கள்.

தை மாத சம்பா அறுப்பில் ஒரு லோடு வாங்கினார். மேல் மூட்டையெல்லாம் காய்ந்த நெல், அடி வரிசை விடியற்காலைப் பனியோடு மெஷினில் அறுத்தது. களத்தில் கொட்டியபோதுதான் தெரிந்தது. நஷ்டத்தை ஆலைக் கணக்கில் எழுதினேன், அவர் சம்பளத்தில் கை வைக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவராகவே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். லாரியின் பக்கப் பலகையை இறக்கச் சொல்லி, அடி வரிசை மூட்டையில் முதலில் குத்தூசி போடுவார், நடு வரிசையில் அப்புறம், மேல் வரிசையைக் கடைசியில். இன்றைக்கும் எங்கள் ஆலையில் அந்த வரிசைதான். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு லோடையும் பார்த்துக்கொண்டிருந்தால் இது அவருக்குத் தோன்றியிருக்காது, என் கண்ணை நம்பிப் பேசாமல் இருந்திருப்பார்.

உங்கள் பட்டறைக்கு வருகிறேன். 5 ஹெச்பி வரைக்கும் உள்ள மோட்டார்களை முழுசாக அவரிடம் விடுங்கள். முழுசாக என்றால் என்ன பழுது, எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்ற மூன்றையும் விவசாயியிடம் சொல்வது அவர்தான். மூன்று ஃபேஸில் ஒன்று போய் சிங்கிள் ஃபேஸில் ஓடிக் கருகியதா, பேரிங் போய் உரசியதா என்பதையும் அவரே சொல்லட்டும். ஒரு நோட்டுப் போடுங்கள். மோட்டார் வெளியே போகும் முன்பு மெக்கர் ரீடிங் (கம்பிச் சுற்றில் மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் அளவு), லோடு இல்லாமல் ஓட்டும்போது மூன்று ஃபேஸிலும் இழுக்கும் ஆம்பியர் எல்லாவற்றையும் எழுதி அவர் கையெழுத்துப் போடட்டும். மூன்று ஃபேஸும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று சாயங்காலம் நோட்டைப் பாருங்கள், மோட்டாரைத் தொடாதீர்கள். திரும்பி வருகிற மோட்டாரை அவரே பிரித்து, ஏன் போனது என்று அதே நோட்டில் எழுத வேண்டும்.

செம்புக் கம்பி வாங்குவதை மட்டும் இப்போதைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். விலை நாளுக்கு நாள் ஆடுகிற சரக்கு அது, முதலும் பெரிது. பிரித்தெடுத்த பழைய செம்பை இரண்டு பேரும் சேர்ந்து எடை போட்டு எழுதிவிடுங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது.

இதை ஜூன் மாதத்தில் ஆரம்பித்துவிடாதீர்கள். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி, குறுவை நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) மோட்டார் ஓட்டுகிறவர்கள் எல்லாம் உங்கள் வாசலில்தான் நிற்பார்கள், அந்த நெருக்கடியில் யாரும் எதையும் கைமாற்ற முடியாது. ஐப்பசி மழையில் மோட்டார்கள் சும்மா கிடக்கும்போது தொடங்குங்கள். திருப்பூர் விஷயம் அதுவரை காத்திருக்காது, அதனால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று இந்த வாரமே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அப்புறம், கடிதம் முழுக்க "அவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். விவசாயிகள் முன்னால் பெயர் சொல்லி "அவர்" என்றே பேசுங்கள்.

கேள்வி: கணக்கு எழுத ஆள் எடுக்க வேண்டும். நேர்காணலில் என்ன கேட்பது? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலி கொடுத்து வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். நான் எடைமேடைச் சீட்டு ஒரு கட்டு கொடுப்பேன். அதில் ஒன்றில் லோடு எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால் நிகர எடை ஒத்துவராது. எங்களிடம் இப்போது இருக்கும் பெண், கூட்டலை நிறுத்திவிட்டு, "இந்தச் சீட்டு தப்பா இருக்குக்கா, நான் மாத்தலை, தனியா வெச்சிருக்கேன்" என்று கொண்டுவந்தார். கண்டுபிடித்ததைவிட, தானாகத் திருத்தாமல் தனியாக வைத்தது எனக்குப் பிடித்தது.

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக் கடை. பத்து பேர் ஆனால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வந்துவிடும் என்று ஒன்பது பேரோடு நிறுத்தியிருக்கிறேன். வேலை தாங்கவில்லை.

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத்தான் இஎஸ்ஐ. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. ஒருவருக்கு 12,000 சம்பளம் என்றால் உங்கள் கையிலிருந்து போவது 390 ரூபாய், அவர் சம்பளத்தில் பிடிப்பது 90. அதற்கு அவர் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. நோயில் படுத்தால், சந்தா நாள் கணக்குச் சரியாக இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். நாளைக்கு உங்கள் ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் முன்பணம் கேட்டு உங்களிடம்தானே வருவார்கள்? பிஎஃப் பற்றிய பயமும் கடிதத்தில் தெரிகிறது. அது 20 பேர் ஆனால்தான் வரும். பத்தாவது ஆள் சேர்ந்த 15 நாளுக்குள் ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள், அந்தந்த மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டும். பின்னால் ஆள் குறைந்தாலும் பதிவு தொடரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.