வளர்ந்தவர்கள் புழங்கும் பாத்திரங்களில் விளையாட்டான விலங்குப் படங்கள் பொருந்துமா?

சிரிக்கும் பூனையும் குட்டிக்கரணம் போடும் குரங்கும் வரைந்த கோப்பைகளையும் தட்டுகளையும் குழந்தைகள் இல்லாத வீட்டுக்கு வாங்கலாமா, சில மாதங்களில் அவை சலித்துப்போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். சலிப்பதும் சலிக்காததும் எந்த விலங்கு என்பதைப் பொறுத்ததன்று. படம் பாத்திரத்தோடு எவ்வாறு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என்னிடம் இரண்டு பூனைக் கோப்பைகள் இருந்தன. ஒன்றில், மூக்குக்கண்ணாடி அணிந்த பூனை ஒன்று, முத்திரை குத்தியதுபோல் நடுவில் உட்கார்ந்திருந்தது. வாங்கிய வாரம் சிரித்தேன், அடுத்த மாதம் அது என் கண்ணிலேயே படவில்லை. மற்றொன்றில், பூனை கோப்பையைச் சுற்றி வளைந்து படுத்திருக்க, அதன் வால் கைப்பிடியின்மீது ஏறிச் செல்லும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முழுப் பூனை தெரியாது என்பதால், கை தானாகவே அதைத் திருப்பிப் பார்க்கிறது. முன்னதை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

இந்த உத்தி மிகப் பழையது. கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவின் பாலைகாஸ்ட்ரோவில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1500-ஐச் சேர்ந்த மண்குடுவை ஒன்றில், பெரிய உருண்டைக் கண்களுடைய எண்காலி (ஆக்டோபஸ்) தன் கைகளைக் குடுவையின் வயிறு முழுவதும் படரவிட்டிருக்கிறது. தட்டையான பலகையில் அதே எண்காலியை வரைந்தால் அது வெறும் படம். உருண்டையான குடுவையில் வரையும்போது, அது குடுவையையே கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட தவளைக் குவளைகளே எனக்கு மிகவும் பிடித்தவை. அவற்றின் உட்புறத்தில் வண்ணம் பூசிய பீங்கான் தவளை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்; குடிப்பவர் பாதியைக் கடந்த பிறகுதான் அது மெல்லத் தலைகாட்டும். இக்காலத்தில் அடிப்பாகத்தில் பன்றி மூக்கு வரைந்து வரும் கோப்பைகள் இதற்கு நேர்மாறானவை: சாய்த்துக் குடிப்பவருக்கு ஒன்றும் தெரியாது, எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

சிறுபிள்ளைத்தனம் என்று யாரேனும் சொன்னால், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக ஆங்கிலேய மட்பாண்டத் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் 1774-இல் செய்துமுடித்த விருந்துப் பாத்திரத் தொகுதியைச் சுட்டிக்காட்டலாம். தவளைச் சதுப்பு என்னும் பொருள்படும் பெயருடைய இடத்தில் அமைந்த அரண்மனைக்கென அது செய்யப்பட்டதால், 900-க்கும் மேற்பட்ட அப்பாத்திரங்களில் ஒரு பச்சைத் தவளை சின்னமாகப் பொறிக்கப்பட்டது. பிரிட்டனின் கம்பீரமான நிலக்காட்சிகளுக்கு மேலே அந்தத் தவளை சாவதானமாக உட்கார்ந்திருக்கும்.

படம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் பார்த்து வாங்குங்கள். என் குரங்குத் தட்டு, நார் போட்டுத் தேய்த்ததில் ஓராண்டுக்குள் ஒற்றைக்கண் குரங்காகிவிட்டது. பீங்கானின்மேல் உள்ள கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சுக்கு மேலே படத்தை ஒட்டி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டிருந்தால், விரலால் தடவும்போது படத்தின் ஓரம் பெரும்பாலும் சற்றே தட்டுப்படும். காலப்போக்கில் அது தேயும். மெருகுக்கு அடியில் வரைந்து சுட்டதாயின் மேற்பரப்பு வழவழவென்றிருக்கும், படமும் பாத்திரம் உள்ளவரை இருக்கும். ஒளிப்படத்தை அச்சிட்டுத் தருகின்ற கோப்பைகளில் பெரும்பாலானவை ஒரு பாலிமர் பூச்சில் சாயம் ஏற்றியவையே. அவற்றை மென்மையான பஞ்சால் மட்டுமே கழுவ வேண்டும். வாய் படும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை வண்ணம் இல்லாத கோப்பையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஏனெனில், மெருகுக்கு மேலிடும் சில வண்ணங்களில் ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். பொன்வண்ண மீசையுள்ள பூனையை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் பொறி பறக்கும்.

துண்டு, மேசைவிரிப்பு போன்ற துணிகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. மடித்துத் தொங்கவிட்டால் யானைக்குத் தும்பிக்கை மட்டுமே மிஞ்சுகிறது.

ஒரே படம் கொண்ட ஆறு கோப்பைகளை வாங்காமல், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விலங்கு உள்ள தொகுதியை வாங்குங்கள். நாலு பேர் கூடும்போது எது யாருடைய கோப்பை என்ற குழப்பம் எழாது. ஆமைக் கோப்பை யாருக்கு என்ற சண்டை மட்டும், எங்கள் வீட்டைப் போலவே, உங்கள் வீட்டிலும் எழக்கூடும்.