புள்ளைய சிலம்பம், கராத்தேன்னு சேக்கறதுக்கு முன்னாடி: ஆசான் கிட்ட கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் சிலம்பம் சொல்லித் தர்றேன், அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் கராத்தே. தற்காப்புக் கலையால புள்ளைங்க குணம் மாறுமா, ஒழுக்கம் வருமா, தைரியம் வருமான்னு கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. தெரிஞ்சதுக்கு பதில் சொல்றேன். நோய், மருந்து சம்பந்தப்பட்டதெல்லாம் டாக்டர் கிட்ட போங்க.

திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா: ஆசான், பையனுக்கு 8 வயசு, பயங்கர கோவக்காரன். கையில கெடச்சத தூக்கி வீசுவான். இவன் கையில கம்பையும் குடுத்தா இன்னும் முரடனாயிடுவான்னு மாமியார் சொல்றாங்க. சேக்கலாமா?

சேக்கலாம்மா. ஆனா உங்க மாமியார் பயப்படறதுலயும் நியாயம் இருக்கு, அத தள்ளிவிடாதீங்க. 1986ல ட்ரல்சன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், தப்பு வழில போற சுபாவம் இருக்கற வயசுப் பசங்கள மூணு குழுவா பிரிச்சு ஆறு மாசம் பாத்தாரு. ஒரு குழுவுக்கு முறைப்படி டேக்வாண்டோ, அதாவது தியானம், மரியாதை பத்தி பேச்சு, வரிசைப் பயிற்சி, அதுக்கப்புறம் தான் அடி. இன்னொரு குழுவுக்கு வெறும் சண்டை மட்டும். மூணாவது குழுவுக்கு ஓட்டம், பந்து விளையாட்டு. முறைப்படி கத்துக்கிட்ட பசங்களுக்கு ஆக்ரோஷம் கொறஞ்சிருச்சு, வெறும் சண்டை மட்டும் கத்துக்கிட்டவங்களுக்கு இருந்ததவிட கூடிருச்சு. ரெண்டும் அதே டேக்வாண்டோ தான்! 2005ல நார்வேல பண்ண ஆய்வுலயும் பாக்சிங், மல்யுத்தம், வெயிட் லிஃப்டிங், கிழக்கத்திய தற்காப்புக் கலைன்னு போன பசங்ககிட்ட முரட்டுத்தனம் கூடினதாத் தான் வந்துச்சு. அதனால கலைய சேத்துவிட்டா குணம் தானா வந்துரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வகுப்பு எப்படி நடக்குதுங்கறதுல தான் எல்லாம் இருக்கு.

எங்க வகுப்புல என்ன பண்றோம்னு சொல்றேன். முதல்ல கம்பு கிடையாது, காலடி மட்டும் தான். பசங்களுக்கு அது போரடிக்கும், "எப்ப கம்பு தருவீங்க"ன்னு தினமும் கேப்பாங்க, பொறுமை அங்கயே ஆரம்பிச்சுருது. கம்பு கையில வந்ததும் தரையத் தொட்டு கண்ணுல ஒத்திக்கணும், கீழ கெடக்கற கம்ப யாரும் தாண்டக் கூடாது. அப்புறம் ரெண்டு பேர எதிரெதிரா நிறுத்துவேன். ஒருத்தன் மெதுவா தலைக்கு மேல வீச்சு எறக்கணும், மத்தவன் ரெண்டு கையாலயும் கம்ப ஒசத்தித் தடுக்கணும். தடுக்கறவன் லேட்டாயிட்டான்னா வீசறவன் அவன் தலைக்கு ஒரு ஜாண் மேலயே கம்ப நிறுத்திரணும். நிறுத்தலைன்னா அவனுக்கு அன்னைக்கு வீச்சு கிடையாது, தடுக்கற வேலை மட்டும் தான். கோவக்காரப் பசங்களுக்கு இது ரொம்ப கஷ்டம், முதல்ல கை நிக்கவே நிக்காது, தோள் இறுகி மூச்சு வாங்கும், எதிர்ல இருக்கறவன் கண்ண சிமிட்டுவான். கொஞ்ச நாள்ல நிக்க ஆரம்பிக்கும். ஓங்கின கைய நடுவுல நிறுத்தத் தெரிஞ்ச புள்ள வீட்டுல ரிமோட்ட வீசறதுக்கு முன்னாடியும் ஒரு செகண்ட் நிப்பான்னு அம்மாக்களே வந்து சொல்றாங்க. உங்க பையனுக்கு வேணுங்கறது அந்த ஒரு செகண்ட் தான்மா.

சேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் வகுப்புல போய் உக்காந்து பாருங்க. பெத்தவங்க உள்ள உக்காரக் கூடாதுன்னு சொன்னா அந்த வகுப்பு வேண்டவே வேண்டாம்.

கரூர்: எந்த வயசுல சேக்கலாம்?

அஞ்சாறு வயசுக்கு மேல. அதுக்கு முன்னாடி ஓட விடுங்க, மரம் ஏற விடுங்க.

சென்னை, ஒரு அப்பா: சார், ஸ்கூல்ல ஒரு பையன் என் மகன தினமும் அடிக்கிறான். கராத்தே கத்துக்குடுத்து திருப்பி அடின்னு சொல்லலாம்னு இருக்கேன்.

அந்த எண்ணத்தோட சேக்காதீங்க சார். மூணு மாசம் கத்துக்கிட்டவன் தெருச் சண்டைல யாரையும் ஜெயிக்கப் போறதில்ல, நாலு அடி கூடுதலா வாங்குவான், அப்புறம் வகுப்பையும் வெறுத்துருவான். இப்பவே ஸ்கூல்ல போய் எழுத்துல புகார் குடுங்க, பையன தனியா விடாதீங்க. தினமும் அடி வாங்கறத நிறுத்தறது பெரியவங்க வேலை, அத சின்னப் பையன் தலைல கட்டக் கூடாது. பயிற்சி அது கூடவே நடக்கட்டும். அதுல அவனுக்கு நிமிந்து நிக்க வரும், "வேண்டாம், கிட்ட வராத"ன்னு சத்தமா சொல்ற குரல் வரும், வெலகி ஓடற கால் வரும். இந்த மூணுலயே பாதிப் பிரச்சனை தீந்துரும், ஏன்னா வம்புக்கு இழுக்கறவன் எப்பவும் குனிஞ்சு போறவனாப் பாத்து தான் இழுப்பான்.

கோயம்புத்தூர்: கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், ஜூடோ இதுல எது குணத்துக்கு பெஸ்ட்?

வீட்டுக்குப் பக்கத்துல நல்ல ஆசான் யார் இருக்காரோ அவர் சொல்லித் தர்றது. ஜூடோ பத்தி மட்டும் ஒரு எச்சரிக்கை. அத 1882ல கானோ ஜிகோரோ ஆரம்பிச்சதே கல்வியாத் தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச கலை. ஆனா அந்த ஜப்பான்லயே 1983ல இருந்து பாத்தா சுமார் 30 வருஷத்துல 100க்கு மேல ஸ்கூல் புள்ளைங்க ஜூடோல செத்திருக்காங்க, நிறைய பேருக்கு தலையில அடி. விழறதுக்கு சரியா சொல்லிக் குடுக்காம தூக்கிப் போட விட்டா அப்படித் தான் ஆகும். எந்தக் கலையா இருந்தாலும் தலையில அடிபட விளையாட்டுக்குக் கூட விடாதீங்க. தலையில அடிபட்டு தலைவலி, வாந்தி, மயக்கம்னா "கொஞ்சம் தண்ணி குடி, சரியாயிரும்"னு சொல்ற மாஸ்டர் மாஸ்டரே இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

ஈரோடு: 4 வயசு பாப்பாவ சேக்கலாமா?

மேல கரூருக்கு சொல்லியிருக்கேன்.

மதுரை, ஒரு அப்பா: என் பொண்ணுக்கு 7 வயசு. போன மாசம் பானை மேல நின்னு கண்ண கட்டிக்கிட்டு தொடர்ந்து ரெண்டு மணி நேரம் சிலம்பம் சுத்தி உலக சாதனை சர்டிபிகேட் வாங்கினா. தன்னம்பிக்கை எவ்வளவு கூடியிருக்கு தெரியுமா. இத பத்தியும் சொல்லுங்க ஆசான்.

பாப்பாவுக்கு என் வாழ்த்துக்கள், ரெண்டு மணி நேரம் சுத்தறது சாதாரண உழைப்பில்ல. ஆனா இந்த சாதனை நிகழ்ச்சிங்க எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு சார். நூத்துக்கணக்குல புள்ளைங்கள மைதானத்துல நிறுத்தி வெயில்ல சுத்த விடறாங்க, தலைக்கு இவ்வளவுன்னு பணம், டீ ஷர்ட், மெடல், மேடைல பொன்னாடை. ஒரே சுத்து வீச்ச ரெண்டு மணி நேரம் சுத்தினா மணிக்கட்டும் தோளும் தான் தேயும், எதிர்ல ஆள் இல்லாதப்போ நிறுத்தவும் விட்டுக்குடுக்கவும் எங்க கத்துக்கறது?

அதே மதுரை அப்பா: மன்னிக்கணும், ஆசான். கிரிக்கெட்டுக்கு லட்சக்கணக்குல செலவு பண்றாங்க, அத யாரும் கேக்கறதில்ல. நம்ம கலைக்கு மேடை கெடைக்கறது உங்களுக்கு ஏன் பொறுக்கல?

மேடை வேணும் சார், நானும் அதுக்குத் தான் பாடுபடறேன். முதலமைச்சர் கோப்பைல சிலம்பம் இருக்கு. 2024 ஜனவரில நம்ம ஊர்ல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல காட்சி விளையாட்டா சேத்தாங்க, அன்னைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்ல. அதெல்லாம் எதிராளி இருக்கற, நடுவர் இருக்கற, தோத்தாலும் கை குடுத்துட்டு வர்ற மேடை. உங்க பொண்ணு தொடுமுறைல, அதாவது எதிராளிய கம்பால தொட்டு புள்ளி எடுக்கற போட்டில இறங்கி, தோத்துட்டு வந்து மறுநாள் காலைல வகுப்புக்கு வந்து நின்னான்னா, அதுக்கு மேல தன்னம்பிக்கை வேற இல்ல.

சேலம், ஒரு பயிற்சியாளர்: அண்ணா, நானும் சாதனை நிகழ்ச்சி நடத்தறவன் தான். அதுல வர்ற காச வெச்சுத் தான் வசதி இல்லாத புள்ளைங்களுக்கு ஃபீஸ் இல்லாம சொல்லித் தர்றேன். எல்லாரையும் ஒண்ணா பேசாதீங்க.

தம்பி, நீங்க இலவசமா சொல்லித் தர்றது பெரிய விஷயம், அதுக்கு ஒரு கும்பிடு. அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க, காலைல ஏழு மணிக்குள்ள முடிங்க, நேரத்தக் கொறைங்க, தண்ணி, நிழல், ஒரு நர்ஸ் ஏற்பாடு பண்ணுங்க, முடியலன்னு சொல்ற புள்ளைய உடனே உக்கார வைங்க. உக்காந்த புள்ளைக்கும் அதே சர்டிபிகேட் குடுங்க. இத செய்யற நிகழ்ச்சிக்கு நானே வந்து நிக்கறேன்.

அதே மதுரை அப்பா: ஏழு மணிக்குள்ளங்கறது சரி, ஒத்துக்கறேன். ஆனா சர்டிபிகேட் நாளைக்கு வேலைக்கு உதவும்ல?

உதவாது சார், இத நிறைய பேர் நம்பி ஏமாறறாங்க. அரசு வேலைல விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுல சிலம்பமும் இருக்கு, உண்மை தான். ஆனா அதுக்கு அங்கீகாரம் இருக்கற போட்டில வாங்கின பதக்கம் வேணும், தனியார் சாதனைப் புத்தக சர்டிபிகேட் செல்லாது. எந்தப் போட்டி கணக்குல வரும்னு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல நேர்லயே கேளுங்க, மாஸ்டர் சொல்றத மட்டும் கேட்டுட்டு பணம் கட்டாதீங்க.

இதுக்கு மேல சாதனை பத்தி வேண்டாம், மத்தவங்க காத்திருக்காங்க.

தஞ்சாவூர், ஒரு அக்கா: தம்பி, எங்க மாஸ்டர் தப்பு பண்ணா பிரம்பால முட்டிக்குக் கீழ அடிக்கிறார். ஒழுக்கம் அப்படித் தான் வரும்னு சொல்றார். என் பையன் இப்ப வகுப்பு நாள்னாலே வயிறு வலிக்குதுங்கறான்.

அக்கா, நாளைக்கே நிறுத்திருங்க. அடிச்சு வர்றது பயம், மாஸ்டர் இல்லாத எடத்துல அந்தப் பயம் இருக்காது, அப்புறம் அவன் தன்னவிட சின்னவன அடிப்பான், ஏன்னா அவன் அங்க கத்துக்கிட்டதே அது தான். தன் பொறுப்புல இருக்கற குழந்தைய அடிச்சுக் கொடுமைப்படுத்தறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 75வது பிரிவுல குற்றம். காயம் இருந்தா போட்டோ எடுத்து வைங்க, 1098க்கு கூப்புடுங்க. பையன் கிட்ட உக்காந்து மெதுவா பேசுங்க, வயித்து வலிக்கு அடி மட்டும் தான் காரணமா, வேற யாராவது தொடறாங்களா, மிரட்டறாங்களான்னும் கேளுங்க. அவன் சொல்றத முழுசா நம்புங்க.

நாமக்கல்: 5 வயசு ஆகுது, இப்ப சேக்கலாமா இல்ல 7 ஆகட்டுமா?

வயசுக் கேள்விக்கு இனிமே பதில் இல்லைங்க, மேல போய் படிங்க.

விழுப்புரம்: பையனுக்கு வலிப்பு இருக்கு, சிலம்பம் கத்துக்கலாமா?

அவனப் பாக்கற டாக்டர் எழுத்துல குடுத்தா மட்டும்.

ஒசூர், ஒரு அம்மா: 7 வயசுல பிளாக் பெல்ட் வாங்கித் தர்றேன்னு சொல்றாங்க, பேக்கேஜா முழுப் பணமும் கேக்கறாங்க.

வேண்டாம்மா. டேக்வாண்டோல 15 வயசுக்குக் கீழ இருந்தா அதோட உலகத் தலைமையகமான குக்கிவோன்லயே டான், அதாவது பிளாக் பெல்ட் தரம், குடுக்க மாட்டாங்க, பூம்னு சின்னப் புள்ளைங்களுக்குத் தனித் தரம், பெல்ட்டும் பாதி சிவப்பு பாதி கருப்பு தான். கராத்தேலயும் பெல்ட்டுக்கு முன்பணம் கேக்கற எடத்துல புள்ளைக்கு ஒண்ணு புரிஞ்சுரும், காசு கட்டினா தேறிரலாம்னு. அது தான் அவன் குணத்துல ஒட்டும். வகுப்புல உக்காந்து பாருங்க, எத்தன புள்ளைங்க தேர்வுல தேறாம திரும்ப வந்து பயிற்சி எடுக்கறாங்கன்னு கேளுங்க. ஒருத்தர் கூட தேறாமப் போனதில்லன்னா கெளம்பி வந்துருங்க.

திண்டுக்கல்: பொண்ணு ரொம்பக் கூச்ச சுபாவம், 10 வயசு, வகுப்புல ஒரு ஓரமா நிக்கறா. ரெண்டு மாசமாச்சு. நிறுத்திரவா?

நிறுத்தாதீங்க, ஓரமா நிக்கறவ கவனிச்சுக்கிட்டு இருப்பா. ஆசான் கிட்ட சொல்லி அவளவிட சின்னப் புள்ளைக்கு காலடி சொல்லித் தர விடச் சொல்லுங்க. எங்க வகுப்புல வாயே தெறக்காத ஒரு பொண்ணு, ஆறு வயசு வாண்டு கால மாத்தி வெச்சதும் "அது இல்லடா, வலது கால்"னு கத்தினா, அவ குரல நாங்க கேட்டதே அன்னைக்குத் தான். அமெரிக்கால 2004ல லேக்ஸ், ஹோய்ட் ரெண்டு பேரும் ஒரு பள்ளில டேக்வாண்டோ வகுப்ப மூணு மாசம் பாத்த ஆய்வுல, நான் எங்க இருக்கேன், என்ன பண்றேன், என்ன பண்ணணும்னு மூணு கேள்விய புள்ளைங்களே தன்னைக் கேட்டுக்கப் பழக்கினாங்க. சாதாரண பி.டி. வகுப்புப் புள்ளைங்கள விட அவங்களுக்கு தன்னக் கட்டுப்படுத்திக்கறது நல்லா வந்துச்சு. நானும் அந்த மூணு கேள்விய வகுப்புல கேக்கறேன், பொண்ணு கிட்ட வீட்டுலயும் கேளுங்க, திட்டற மாதிரி இல்லாம.

கடலூர்: கம்பு எவ்வளவு உயரம் வாங்கணும்?

புள்ளைய நிக்க வெச்சு நெத்தி உயரத்துக்கு. சின்னக் கைக்கு லேசான பிரம்பு போதும். வளந்தா மாத்திக்கலாம், இப்பவே பெருசா வாங்கி வெக்காதீங்க.