வெறும் ஓர் எழுத்துதானே!

கேள்வி: ஆயர்கள் ஒன்றுகூடிய நிசேயா சங்கத்தில் வெறும் ஓர் எழுத்துக்காக அவர்கள் அடித்துக்கொண்டார்களாமே? ஆரியுஸ் கன்னத்தில் புனித நிக்கோலாஸ் அறைந்தாராமே? தப்பறை, பதிதம் (திருச்சபைப் போதனைக்கு முரணான கொள்கை) என்று சொல்லி ஆட்களை ஒதுக்கியதைத் தவிர இதில் திருச்சபை என்ன கண்டது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் தூத்துக்குடி வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் 'வெறும்' என்ற சொல்லை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை அப்புறம் பார்க்கலாம். முப்பது வருடமாகப் புரூஃப் பார்க்கிறவனிடம் வந்து 'வெறும் ஓர் எழுத்து' என்கிறீர்களே, நியாயமா?

பல வருடங்களுக்கு முன் இதே பத்திரிகையில் நிசேயா பற்றி ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு 'ஆரியுசை வென்ற அத்தனாசியார்'. அச்சுக்குப் போகிற ராத்திரி, 'ஆரியுசை' என்பது பிழை என்று யாரோ முடிவுகட்டி, 'ஆரியரை வென்ற அத்தனாசியார்' என்று திருத்திவிட்டார். மாறியது இரண்டே எழுத்து. அந்த வாரம் வந்த தபால் அளவுக்கு ஈஸ்டர் மலருக்குக்கூட வந்ததில்லை. 'கத்தோலிக்கப் பத்திரிகையாக இருந்தும் துணிந்து எழுதிவிட்டீர்கள்' என்று ஒருவர் ஆண்டுச் சந்தா அனுப்பினார். இன்னொருவர் கோபத்தில் சந்தாவை நிறுத்தினார். ஆக வரவும் செலவும் சரியாகப் போயிற்று. மூன்றாமவர்தான் அருமை: அத்தனாசியார் எந்த மாவட்டம், எந்தக் கட்சி என்று விசாரித்திருந்தார். எகிப்து, அலெக்சாந்திரியா என்று பதில் போட்டேன். அவரிடமிருந்து அப்புறம் கடிதமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 325-இல் நிசேயாவில் நடந்த சண்டை நீங்கள் சொல்லும் எழுத்துக்காக நடந்தது இல்லை. அங்கே கேட்டது ஒரே கேள்வி: மகன், அதாவது இயேசு, கடவுளா, கடவுள் படைத்த பொருள்களில் உயர்ந்த ஒன்றா? ஆரியுஸ் அலெக்சாந்திரியாவில் ஒரு குரு. நன்றாகப் பேசுவார், எளிமையாக வாழ்ந்தவர், தன் கொள்கையைப் பாட்டாகக் கட்டி மாலுமிகளும் மாவு அரைப்பவர்களும் பாடும்படி விட்டவர். கடவுள் ஒருவரே, ஆகவே மகன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்றார். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். தப்பறைகளுக்கு எப்போதும் இந்தக் கவர்ச்சி உண்டு. தப்பறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கே 'தேர்ந்தெடுப்பது' என்றுதான் அடிப்படைப் பொருள். பிடித்த உண்மை ஒன்றை எடுத்துக்கொண்டு, இடிக்கிற உண்மையைக் கீழே போட்டுவிடுவது.

ஆயர்கள் முதலில் வேதாகமச் சொற்களை வைத்தே அறிக்கையை எழுதிவிடப் பார்த்தார்கள். 'கடவுளிடமிருந்து வந்தவர்' என்றார்கள், 'தந்தையின் சாயல்' என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆரியுஸ் பக்கத்து ஆயர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள் என்று, அன்று இளம் தியாக்கோனாக (குருவுக்கு முந்தைய நிலை) உடனிருந்து, பிறகு அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியார் பின்னாளில் எழுதுகிறார். 'இதுவும் நமக்கு ஒத்துவரும்' என்ற சிமிட்டல். அந்தச் சிமிட்டலை நிறுத்தத்தான் வேதாகமத்தில் இல்லாத 'ஹோமோஊசியோஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஞாயிறு பூசையில் நீங்கள் சொல்கிற 'ஒரே பொருளானவர்' அதுதான். பூசை என்று எழுதாதே, திருப்பலி என்று எழுது என்று இதற்கும் ஒரு கடிதம் வரும், வரட்டும்.

உங்கள் எழுத்து, அதாவது ஐயோட்டா என்ற கிரேக்க 'இ', சுமார் முப்பது வருடம் கழித்துத்தான் வருகிறது. நடுவில் அதைச் சொருகினால் 'ஹோமோயூசியோஸ்'. 'ஒரே பொருள்' போய் 'ஒத்த பொருள்' ஆகிவிடும். உங்கள் மகனும் நீங்களும் ஒரே ஜாடை என்பதற்கும், இருவரும் ஒரே ஆள் என்று வங்கியில் போய்க் கையெழுத்துப் போடுவதற்கும் உள்ள தூரம். (உவமை சரியில்லை, தெரியும். மூவொரு கடவுளுக்கு உவமை தேடிப் போன எல்லோருமே ஏதாவது ஒரு தப்பறையில் போய் விழுந்திருக்கிறார்கள், நான் மட்டும் தப்புவேனா?)

அந்த நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்டான்டிநோபிள் கடைத்தெரு எப்படி இருந்தது என்று நிசாவின் ஆயர் கிரகோரியார் சொல்கிறார். ரொட்டி என்ன விலை என்று கேட்டால், 'தந்தை பெரியவர், மகன் சிறியவர்' என்கிறான் கடைக்காரன். குளிக்க வெந்நீர் ஆயிற்றா என்றால், 'மகன் இன்மையிலிருந்து உண்டாக்கப்பட்டவர்' என்று பதில் வருகிறது. கிரகோரியார் இதை எரிச்சலோடுதான் எழுதினார். எனக்கென்னவோ அந்தக் கடைக்காரன்மேல் பொறாமையாக இருக்கிறது. நம் பங்குகளில் பூசை முடிந்து வெளியே வந்தால் பேச்சு திருவிழா வரியோடு நின்றுவிடுகிறது.

அறைக்கு வருவோம். தப்பறை என்ற சொல்லைப் பார்த்ததும் 'தப்பு செய்தவனுக்கு அறை' என்று நீங்கள் பிரித்துக்கொண்டீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். சங்கத்தில் இருந்த அத்தனாசியாரும் சரி, செசரியாவின் எவுசேபியுசும் சரி, அப்படி ஓர் அறையைப் பற்றி மூச்சு விடவில்லை. பல நூற்றாண்டு கழித்துக் கிளம்பிய கதை அது. டிசம்பர் 6, நிக்கோலாஸ் திருநாள் வந்தால் வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை எனக்கே நாலு பேர் அனுப்புகிறார்கள், அதில் இரண்டு பேர் சாமியார்கள்.

உண்மையில் விழுந்த அடியெல்லாம் அரசன் கையால் விழுந்தது. ஆரியுசை நாடு கடத்திய அதே கான்ஸ்டன்டைன், பத்து வருடம் கழித்து அத்தனாசியாரைத் திரியர் நகருக்கு நாடு கடத்தினான். மொத்தம் ஐந்து முறை, ஏறக்குறைய 17 வருடம் அவர் ஊருக்கு வெளியே கிடந்தார். 359-இல் அப்போதைய பேரரசன் கான்ஸ்டான்சியுஸ் நெருக்கியதில் ஆயர்கள் கூட்டம் கூட்டமாக மழுப்பலான அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட, உலகமே தான் ஆரியுஸ் பக்கம் போய்விட்டதைக் கண்டு திகைத்து முனகியது என்றார் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ். நம்பிக்கையைக் காக்கிறேன் என்று திருச்சபை அரசனின் தடியை நம்பிய இடமெல்லாம் எனக்கு உறுத்தல்தான், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் 'ஒதுக்கியது' என்கிறீர்களே, அங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து முறை துரத்தப்பட்ட அதே அத்தனாசியார், நிசேயாவின் மற்றதையெல்லாம் ஏற்று 'ஒரே பொருள்' என்ற சொல்லில் மட்டும் தயங்கியவர்களைப் பகைவர்களாக நடத்தக்கூடாது என்று எழுதினார். நாம் நினைப்பதையே நினைக்கும் சகோதரர்கள், சொல்லில் மட்டும்தான் பிணக்கு என்றார். இன்றைய திருச்சபைச் சட்டம் 751-ம் பதிதத்துக்குப் பிடிவாதத்தை ஒரு நிபந்தனையாக வைக்கிறது. தெரியாமல் தப்பாகச் சொல்கிறவன் பதிதன் ஆகமாட்டான். எடுத்துச் சொன்ன பிறகும் விடாப்பிடியாக மறுப்பவனைப் பற்றித்தான் பேச்சு.

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டுத்தான் அச்சிட்டிருக்கிறேன். அடுத்த கடிதத்திலும் விட்டால் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வேன்.