பரணில் கிடைத்த ஓலை: ஆளை விற்ற ஆவணமா?

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணில் சில ஓலைகள் கிடைத்தன. படித்துப் பார்த்தவர், ஒன்றில் 'ஆள் விலை' என்றும் 'விசு வருஷம்' என்றும் இருப்பதாகச் சொன்னார். மனிதர்களை விற்ற ஓலையா? எந்தக் காலத்தது? இதை என்ன செய்வது?

பதில்: 'ஆள் விலை' என்று தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஆனாலும் நடுப்பகுதியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிலம் விற்ற ஓலையில் அங்கே நான்கெல்லை வரும். ஆளை விற்ற ஓலையில் பெயர்களும் உறவுமுறையும் வரும்: இன்னான், அவன் பெண்சாதி, அவர்கள் மகள். நிலத்தோடு ஆட்களையும் சேர்த்து விற்றதுண்டு, அதனால் இரண்டும் ஒரே ஓலையில் இருக்கலாம்.

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்ற தொடர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நிலப் பத்திரத்தில் நாம் சாதாரணமாகக் கடந்துபோகிற வரிகள்தான். ஆளைப் பற்றி எழுதும்போது இவற்றின் பொருள் வேறு. வாங்கியவர் அந்த மனிதரைத் தானம் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், திரும்ப விற்கலாம். இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் அதே கதிதான். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துப்போகும்.

காலத்துக்கு வருவோம். விசு வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1761, 1821, 1881. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் சொல்லிவிட்டது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக விற்பதையே குற்றமாக்கியது. ஆகவே 1881 அநேகமாக இல்லை. பழைய ஆவணங்களில் வரும் இன்னொரு ஆண்டுக்கணக்கான சக ஆண்டும் இருந்தால் அதோடு 78 கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய சரியான ஆண்டு கிடைத்துவிடும். இன்னும் மிகப் பழையதாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஓலை அவ்வளவு காலம் தாங்குவது அரிது. சோழர் காலச் செய்திகள் கல்லில்தான் நிற்கின்றன. 1201-இல் பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டிலிருந்துதான் அறிகிறோம்.

ஓலையைத் துடைக்காதீர்கள், வளைக்காதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுத்தால் கீறிய எழுத்து நிழல் விழுந்து தெரியும். பழைய ஓலையில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பெயர்களில்தான் அதிகம் தவறு நேரும், அதனால் ஊகித்து எழுதாமல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையில் காட்டிப் படியுங்கள்.

அப்புறம் ஒன்று. வாங்கியவர், விற்றவர் பெயர்கள் வேறு ஆவணங்களிலும் இருக்கக்கூடும். விற்கப்பட்டவர்களுக்கு இந்த ஓலையை விட்டால் வேறு தடயமே இல்லாமல் போகலாம். முதலில் அந்தப் பெயர்களைப் படியெடுங்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அதே ஊரில் இருக்கலாம். இணையத்தில் போடும் முன் அவர்களைத் தேடிப் போய்க் காட்டுங்கள்.