டொக்டரின் மகன் டொக்டராகத்தான் வேண்டுமா?

வணக்கம் டொக்டர். உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுப்பது என்று கேட்கப் போன கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். தம்பியிடம் நான் கேட்ட கேள்விகள் ஏழு. ஏழுக்கும் பதில் சொன்னது நீங்கள். அவன் அந்த நேரம் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் யாழ்ப்பாணக் கோட்டையை வரைந்துகொண்டிருந்தான். ஐந்து கொத்தளங்களும் அதனதன் இடத்தில் இருந்தன. போர்த்துக்கேயர் கட்டியது நாற்சதுரம், அதை ஐங்கோணமாக்கியது ஒல்லாந்தர் என்று, வாசலில் செருப்பைக் கொழுவும்போது எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"என்ரை கதிரையிலை நாளைக்கு ஆர் இருக்கிறது?" என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு கதை சொல்கிறேன். தம்பிக்கும் பிடிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அமெரிக்கத் தளபதி ஐசனோவரின் மகன் ஜோன், தந்தை படித்த அதே வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில்தான் படித்தார். பட்டம் பெற்றது 1944 ஜூன் 6. தந்தையின் படைகள் நோர்மண்டியில் இறங்கிய அதே நாள்! விடுமுறையில் தந்தையிடம் போனவருக்கு ஒரு சந்தேகம். நாம் சேர்ந்து நடக்கும்போது எனக்கு மேலேயும் உங்களுக்குக் கீழேயும் உள்ள அதிகாரி எதிரே வந்தால், முதலில் நான் சல்யூட் அடிப்பதா, அவர் அடிப்பதா? இந்தப் போர்முனையில் உனக்கு மேலேயும் எனக்குக் கீழேயும் இல்லாத அதிகாரி ஒருவர்கூட இல்லை என்றாராம் தந்தை.

சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெடியன் நின்ற இடம் அதுதான். ஐசனோவரின் மகன் எதிரியிடம் அகப்பட்டால் என்ன ஆகும் என்று பயந்து அவரை முன்னரங்குக்கே விடவில்லை. 1952இல் கொரியப் போருக்குப் போகும்போது, உயிரோடு பிடிபடமாட்டேன் என்று தந்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். தந்தையின் பெயர் ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் பூட்டியது.

இடையில் 1950இல் அவர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் எடுத்திருந்தார். 1963இல் முழுநேர இராணுவ சேவையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். 1944 குளிர்காலத்தில் பெல்ஜியப் பக்கத்து ஆர்டென் காடுகளில் நடந்த சண்டையைப் பற்றி 1969இல் அவர் வெளியிட்ட பெரிய நூலோடு போர் வரலாற்றாசிரியராகப் பெயர் எடுத்தார். அப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பெல்ஜியத்துக்குத் தூதுவராகவும் இருந்தார். ஆனால் 2013இல் இறக்கும்வரை அவரோடு நின்றது எழுத்துத்தான்.

சரி, நம் கதைக்கு வருவோம். தம்பியின் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேற்றைப் பார்த்தால் உயிரியல் பிரிவு தாராளமாகக் கிடைக்கும். கிடைப்பது வேறு, மூன்று தடவை உயர்தரச் சோதனை எழுதி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகக் காய்வது வேறு. ரியூட்டரி வாங்கிலேயே இருபது வயது தாண்டிய டொக்டர் வீட்டுப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கலைப்பிரிவு என்றால் மற்றதெல்லாம் சரிவராதவர்கள் போகும் இடம் என்ற கதை யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிறது. எனக்கு அது கோபம் வரவைக்கும் கதை. வரலாறு, புவியியல், ஆங்கிலம் எடுத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தொல்லியல் படிக்கலாம். சட்டத்துக்கும் வழி இருக்கிறது. இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் பட்டம் இருந்தால் போதும், எந்தத் துறை என்று பார்ப்பதில்லை. ஆங்கிலத்தை மட்டும் இப்போதே இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தம்பியை அனுப்புங்கள். சைக்கிளில் தனியாக வரட்டும். அந்தக் கலண்டர்த் தாள் என் மேசையில்தான் இருக்கிறது, கோட்டையின் அகழி மட்டும் இன்னும் வரையவில்லை.