பிராண்ட் கேட்காதீர்கள், அங்குலம் சொல்லுங்கள்

முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் வீட்டிலிருந்து நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

தென்னை மரத்திலிருந்து விழுந்த என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறு மாதத்தில் நடப்பார் என்றார்கள். நகையை விற்று மூன்று லட்சம் கட்டினோம். எட்டு மாதமாகிறது, ஒன்றுமில்லை. என் முட்டாள்தனம்தானே? – பொள்ளாச்சி வாசகி

இல்லை அம்மா. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனிதருக்காக நகையைக் கழற்றியவரை நான் திட்ட மாட்டேன், அந்தப் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவனைத்தான் திட்டுவேன். ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களைத் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல்லை முறையான ஆய்வில்தான் கொடுக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, 'நடப்பார்' என்று வந்த வாட்ஸ்அப், எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து வழி கேளுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

தள்ளுபடியில் 5,500 ரூபாய்க்கு வீல்சேர் வாங்கினேன். தம்பி ஒரு பக்கமாகவே சாய்கிறான். வேறு எந்த பிராண்ட் நல்லது? – திருச்சி

தம்பியின் இடுப்பு அகலம் எத்தனை அங்குலம்? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், நிறம்கூட எழுதியிருக்கிறீர்கள், அளவு மட்டும் இல்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் டேப்பை எடுக்கிற ஊரில், ஒருவன் பகல் முழுக்க உட்காரப் போகிற நாற்காலியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். கடைக்காரரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளைத் தள்ளிப்போகிற 18 அங்குல இருக்கை கொண்ட நாற்காலியை எல்லோர் தலையிலும் கட்டுகிறார். எனக்கும் கட்டினார். என் சித்தப்பாவுக்கு 14 அங்குல இடுப்பு. சாய்ந்து சாய்ந்து எடை முழுக்க ஒரே எலும்பில் இறங்கி, மூன்றாவது வாரம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு, அப்புறம் புண், ஆற ஐந்து மாதம். வலி தெரிந்திருந்தால் அவர் நகர்ந்து உட்கார்ந்திருப்பார், தெரியவில்லையே.

தம்பியை ஸ்டூலில் உட்காரவைத்து, யாராவது பின்னால் பிடித்துக்கொள்ள, இடுப்பின் இரு பக்கமும் தடிப் புத்தகம் அணைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். இருக்கை அகலம் அதற்கு மேல் ஒரு அங்குலம் இருந்தால் போதும். குஷன் காற்றடிப்பது என்றால், அவன் உட்கார்ந்திருக்கும்போதே அடியில் கையை விட்டுப் பாருங்கள்: எலும்பு குஷனின் அடியைத் தட்டவும் கூடாது, பந்து மாதிரி மிதக்கவும் கூடாது. எந்தக் குஷனானாலும் அரை மணிக்கு ஒருமுறையாவது எடை இறங்கும் இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்பாவின் உணர்வில்லாத காலுக்குச் சூடு கொடுக்கும் மசாஜ் மெஷின் வாங்கலாமா?

கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வரும் பிசியோ, 60 நாள் பேக்கேஜ், 36,000 முன்பணம். பதினொரு நாள் வந்தார். ரசீது வாங்கவில்லை.

ரசீது இல்லாமல் 36,000! சரி, ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. பாக்கி 49 நாளுக்கான பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். இனி வாரா வாரம் கொடுங்கள்.

மறுவாழ்வுக்கு எங்கே சேர்ப்பது? – தென்காசி

பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறதே! கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கேதான். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் பின்னாலும் அப்படி ஒருவர்: 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ்.

எங்கே போனாலும் பளபளக்கும் மெஷின்களைப் பார்த்து மயங்காதீர்கள். சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுத் தருவார்களா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறப் பழக்குவார்களா, உங்கள் வீட்டுக் கழிப்பறை வாசல் அகலத்தை விசாரிப்பார்களா என்று கேளுங்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. சித்தப்பா வீட்டு வாசல் 24 அங்குலம், நான் வாங்கிய நாற்காலி சக்கரத்தோடு சேர்த்து 26. கொத்தனார் கூலி தனி.